உயரம் காத்த இரத்தம்

(லிந்துலையில் கறவை மாடு வளர்ப்போருக்கான கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்தில் மாடு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். நல்ல பிரீசியன் கிடாரி, தாய் கறவையில் பேர் எடுத்தது, நல்ல விலை வந்ததென்று கீழ்நாட்டு வியாபாரியிடம் கொடுத்தோம். போய் இரண்டு மாதம் ஆகவில்லை, செத்துப்போனதாம். வாங்கினவர் ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டுகிறார். விற்றவர், எங்கள் பட்டியில் அது ஒரு நாள்கூடச் சோர்ந்து படுத்ததில்லை என்று சத்தியம் செய்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். இன்னொரு கதை இதற்கு எதிர்ப்பக்கம். மாத்தளைப் பக்கமிருந்து மலிவாக ஒரு கலப்பு மாடு வந்தது. திமில் லேசாக எழும்பியிருக்கும், பால் கொஞ்சம் குறைவு, ஆனால் நோய் நொடி கிடையாது. அது வந்து கட்டின பிறகு, ஏற்கெனவே பட்டியில் நின்ற நம்முடைய மாடு காய்ச்சல் கண்டு, சாயத்தண்ணி நிறத்தில் சிறுநீர் கழித்து விழுந்தது. வந்த மாடு தோஷத்தைக் கூட்டி வந்தது என்பார்கள். தோஷம் என்பதை விட்டுவிட்டால், அவர்கள் கண்டது சரி.

இந்த இரண்டு கதைக்கும் விடை ஒன்றே. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் அங்கே போக முடியும், பொறுமையாகக் கேட்கவேண்டும்.

முதலில் உண்ணி. மாட்டின் காதடியிலும், அலைதாடியிலும், மடியின் மடிப்பிலும், வாலடியிலும் நாம் விரலால் பிடுங்கிப் போடுகிற அதே உண்ணிதான். நம் நாட்டு மாடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் வகைக்கு றிப்பிசெபலஸ் மைக்ரோப்ளஸ் என்று பெயர். இது ஒரே மாட்டில் குடும்பம் நடத்துகிற உண்ணி. புல் நுனியில் காத்திருக்கிற மிகச் சிறிய குஞ்சு மாட்டில் ஏறியதும், அங்கேயே தோல் உரித்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கூடி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணியாகக் கீழே விழுகிறது. விழுந்த இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் முட்டை இட்டுவிட்டுச் சாகிறது. அது குடிக்கிற இரத்தமும் நட்டம்தான். அதைவிடப் பெரிய நட்டம், அது மாட்டின் உடம்புக்குள் விட்டுச்செல்வது.

விட்டுச்செல்வது மூன்று வகை. பபேசியா என்பது சிவப்பு அணுவுக்குள் புகுந்து பெருகி, அணுவையே வெடிக்கச் செய்கிற ஒட்டுண்ணி. அணுவின் சாயம் இரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்குவதால்தான் அந்தச் சாயத்தண்ணி நிறம். அனபிளாஸ்மா என்பது சிவப்பு அணுவில் குடியிருக்கும் பக்டீரியா. இதில் அணுக்கள் மண்ணீரலில் மெல்ல மெல்ல அழிக்கப்படுவதால் சிறுநீர் சிவக்காது. கண்ணின் உள்மடல் வெளுத்து, பிறகு மஞ்சளாகி, சாணி கட்டியாகி, மாடு எலும்பும் தோலுமாகும். சிறுநீர் சிவக்கவில்லையே, உண்ணி நோயாக இருக்காது என்று பலர் நாட்களை வீணாக்குவது இந்த நோயில்தான். மூன்றாவது தைலேரியா; இதைப் பெரும்பாலும் வேறு வகை உண்ணிகளே சுமக்கின்றன. இதில் ஒரு வகை முதலில் வெள்ளை அணுக்களைப் பிடித்துக்கொண்டு கழுத்து, தோள்பட்டை நெறிகளை வீங்க வைக்கும். இன்னொரு வகை மெதுவாக இரத்தச்சோகையில் கொண்டுபோய் விடும். கன்னொறுவவில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து நம் நாட்டு மாடுகளின் இரத்தத்தைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். பபேசியாவில் இரண்டு, தைலேரியாவில் இரண்டு, ஆக அவர்கள் தேடிய நான்கு ஒட்டுண்ணிகளும் இலங்கை மாடுகளில் இருந்தன. மேலுக்கு நலமாக நின்ற மாடுகளிலும் இருந்தன என்பதை நினைவில் வையுங்கள். பிறகு அது தேவைப்படும்.

உண்ணி இந்த நோய்களைப் பரப்புகிறது என்பதை முதன்முதலில் நிரூபித்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அந்தக் கதை நம் கதைக்கு மிகவும் நெருக்கமானது. டெக்சஸிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாட்டு மந்தைகள் தாங்கள் நலமாகவே இருந்தன. ஆனால் அவை போன வழியெல்லாம், மேய்ந்த நிலத்திலெல்லாம், வடக்கத்தி மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. 1868இல் இலினோய்ஸ் மாநிலத்தில் பெரிய சாவு. நோயே இல்லாத மாடு நோயைக் கொடுக்குமா என்று படித்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. தியோபல்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் கேட்டார்கள். தெற்கத்தி மாட்டின் உண்ணியையெல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டு வடக்கத்தி மாட்டோடு கட்டினார்கள், நோய் வரவில்லை. மாடே இல்லாத நிலத்தில் உண்ணியை மட்டும் தூவிவிட்டு வடக்கத்தி மாட்டை விட்டார்கள், நோய் வந்தது. 1893இல் அதை வெளியிட்டார்கள். ஒரு பூச்சியினம் ஒரு நோயைச் சுமக்கிறது என்று உலகத்துக்கு முதலில் ஐயமறக் காட்டிய ஆய்வுகளில் அது ஒன்று. மலேரியாவுக்கும் நுளம்புக்கும் உள்ள தொடர்பை றொனால்ட் றொஸ் இந்தியாவில் கண்டது அதற்குப் பிறகு, 1897இல். பட்டியில் நின்று மாட்டைப் பார்த்தவர்கள் சொன்னதை ஆய்வுக்கூடம் கேட்ட நாளில்தான் வழி திறந்தது என்பதால், இந்த ஆய்வின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இப்போது கேள்விக்கு வருவோம். டெக்சஸ் மாடு ஏன் சாகவில்லை? அதன் இரத்தம் உசத்தியா?

அதன் இனத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. அதுவும் ஐரோப்பாவிலிருந்து, ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாட்டின் வம்சம்தான். அந்த நோய் பபேசியாதான்; டெக்சஸ் மாட்டைக் கன்றாக இருக்கும்போதே உண்ணி கடித்துவிட்டது. பபேசியா கன்றுகளை அதிகம் வருத்துவதில்லை; பிறந்ததிலிருந்து ஏழெட்டு, ஒன்பது மாதம் வரை கன்றின் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். சீம்பாலில் தாய் கொடுக்கும் எதிர்ப்பும் சேரும். அந்த வயதில் நோய் தொட்டுப்போனால், பிறகு நெடுங்காலம் அது தாங்கும். கிருமி கொஞ்சம் உள்ளேயே தங்கியும் இருக்கும். அதே கிருமி மூன்று வயதில், சினையில், முதல் முறையாக வந்தால் மாட்டைக் கொன்றுவிடும். நம் பிள்ளைகளின் நோய்களில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைக்குத்தான் பயப்படுவோம். இங்கே தலைகீழ்.

இதை அவுஸ்திரேலியாவில் மஹோனி, றொஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1972இல் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். உண்ணி நிறைய உள்ள இடத்தில் எல்லாக் கன்றும் சிறு வயதிலேயே தொற்றுப் பெற்றுவிடுகிறது, நோய்ச்சாவு குறைவு. உண்ணியே இல்லாத இடத்தில் நோயே இல்லை. இரண்டுக்கும் நடுவில், உண்ணி இருந்தும் இல்லாமலும் இருக்கிற இடத்தில்தான் சாவு அதிகம். சில கன்றுகளைத் தொற்று தொடுகிறது, பல கன்றுகளைத் தொடவில்லை. தொடாதவை எல்லாம் வளர்ந்து பெரிய மாடாகி, ஒரு நாள் கடி வாங்குகின்றன.

நடுவில் உள்ள இடம் என்றதும் லிந்துலையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த உண்ணியின் முட்டை பொரிக்கச் சூடு வேண்டும்; ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே அது அநேகமாக நின்றுபோகும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். அங்கே, அம்பேவல, பட்டிப்பொலப் பக்கத்தில், இந்த உண்ணி தழைப்பது கடினம். 1,000 மீற்றர் இறங்கினால் 6 பாகை ஏறும். கொத்மலைக்குக் கீழே, கம்பளைப் பக்கம் உண்ணிக்குச் சுகம். நாம் இடையில் நிற்கிறோம். அக்கரப்பத்தனை, டயகம என்று மேலே ஏறினால் குறைவு. தலவாக்கலைக்குக் கீழே இறங்கினால் அதிகம். மழைக்காலத்தில் குளிர்ந்துவிடும், பெப்ரவரி, மார்ச் வெயிலில் திடீரென்று பெருகும். மஹோனியும் றொஸும் சொன்ன ஆபத்தான நடுவிடத்தின் எல்லா அடையாளமும் இந்த உயரத்துக்கு உண்டு.

ஆக, கீழ்நாட்டில் போய்ச் செத்த கிடாரி குளிரில் வளர்ந்ததால், கன்று வயதில் அதற்குக் கிடைத்திருக்கவேண்டிய கடி கிடைக்கவில்லை. மாத்தளையிலிருந்து வந்த மாடு கன்று வயதிலேயே அதைக் கடந்து, கிருமியை உள்ளே சுமந்துகொண்டு, நலமாக நின்றது. அதன் மேல் வந்த உண்ணி கீழே விழுந்து இட்ட முட்டைகளில் பொரித்த குஞ்சுகள் பக்கத்து மாட்டைக் கடித்தன. டெக்சஸ் மாடுகள் போன வழியில் நடந்ததேதான்.

அப்படியானால் இனம் என்று ஒன்றும் இல்லையா, எல்லாம் வளர்ந்த இடம்தானா என்று கேட்பீர்கள். இனமும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வாளர்கள் மிகவும் பாடுபட்டார்கள்.

இந்த உண்ணி ஆசியாவைச் சேர்ந்தது. திமில் உள்ள நம் பக்கத்து மாட்டை மனிதர் சிந்து வெளிப் பக்கத்தில் பழக்கியது ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன். அதற்கு முன்னும் பின்னும் அந்த மாடும் இந்த உண்ணியும் ஒன்றாகவே வாழ்ந்து வந்திருக்கின்றன. தாங்காத மாடுகள் குறைந்து, தாங்கியவை கன்று ஈன்று, தலைமுறை தலைமுறையாக அந்தத் தாங்கும் குணம் நிலைத்தது. ஹொலண்டிலும் ஸ்கொட்லாந்திலும் ஜேர்சித் தீவிலும் வளர்ந்த மாடுகள் இந்த உண்ணியைக் கண்டதே இல்லை. அங்கே மனிதர் பாலுக்காகப் பொறுக்கினார்கள், உண்ணிக்காகப் பொறுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. 1872இல் ஜாவாவிலிருந்து அவுஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்துக்குச் சில மாடுகள் இறங்கியபோது உண்ணியும் இறங்கியது. 1890களில் அது குயின்ஸ்லாந்துக்குப் பரவி, ஆங்கிலேய இன மாடுகளை மந்தை மந்தையாக அழித்தது. பல பத்தாண்டுகள் மருந்துத் தொட்டியில் மாட்டை முக்கி முக்கிச் சலித்தபின், 1933இல் அவர்கள் நம் திமில் மாட்டின் வம்சத்தைச் சேர்ந்த பிரம்மன் காளைகளை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். இன்று வட அவுஸ்திரேலியாவின் மந்தைகளில் பெரும்பாலும் அந்த இரத்தம்தான்.

எவ்வளவு வேறுபாடு? 100 குஞ்சு உண்ணி மாட்டில் ஏறினால், திமில் மாட்டில் இரத்தம் குடித்து முதிர்வது ஒன்றிரண்டுதான். ஐரோப்பிய இனத்தில் பத்து, பதினைந்து வரை முதிரும். கேட்கச் சின்ன வேறுபாடு போலிருக்கும். ஆனால் முதிர்ந்த ஒவ்வொரு பெண் உண்ணியும் இரண்டாயிரம் முட்டை இடுகிறது என்பதைச் சேர்த்துக்கொண்டு இரண்டு தலைமுறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டியில் உண்ணி அடங்கி இருப்பதும் அடங்காமல் போவதும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. திமில் மாட்டின் தோல் உண்ணியின் கடிக்கு வேகமாகத் தடித்து அரிக்கிறது. மாடு நக்கி எடுத்துவிடுகிறது. முடி குட்டையாக, வழுவழுப்பாக இருப்பதால் பிடிமானமும் குறைவு. குஞ்சு உண்ணிகள் அதிகம் தோற்பது ஏறிய முதல் நாளிலேயே. பிரீசியனின் தோலும் பழகப் பழகக் கொஞ்சம் எதிர்க்கும். அந்த அளவுக்கு எதிர்க்காது.

தோலைத் தாண்டி இரத்தத்துக்குள்ளும் வேறுபாடு உண்டா என்பதுதான் கடினமான கேள்வி. உண்ணியையே கண்டிராத கன்றுகளில் சோதித்தால்தான் தெரியும். எடின்பரோவில் அப்படிச் செய்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரே அளவு தைலேரியா அனுலாட்டா கிருமி (நெறிகளை வீங்க வைக்கும் வகை), இரு இனக் கன்றுகள். ஐரோப்பிய இனமான ஹோல்ஸ்டீன் கன்றுகள் கடும் காய்ச்சலில் விழுந்தன. திமில் இனமான சாகிவால் கன்றுகளுக்கும் தொற்று வந்தது, ஆனால் காய்ச்சல் குறைவு, கிருமியின் பெருக்கமும் குறைவு, தாமாகவே தேறின. உற்றுப் பார்த்தபோது, ஹோல்ஸ்டீனின் உடம்பு கிருமியைக் கண்டு அளவுக்கு மீறி அழற்சியைக் கிளப்பியதும், சாகிவால் அதை அடக்கி வைத்ததும் தெரிந்தன. கிருமி செய்கிற கேட்டோடு, உடம்பு தானே கிளப்புகிற கேடும் மாட்டைக் கொல்கிறது. இது வளர்ந்த இடத்தால் வந்த குணம் என்று சொல்ல முடியாது, இரண்டும் உண்ணியில்லாத கன்றுகள். இது இரத்தம்.

ஆனாலும் எல்லா நோய்க்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. குயின்ஸ்லாந்தில் 1990களில் செய்த சோதனைகளில், பபேசியா போவிஸ் என்ற கொடிய வகையைத் திமில் மாடுகள் மிக நன்றாகத் தாங்கின. அனபிளாஸ்மாவில் அந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டது. திமில் மாடும் நோயுற்றது. சாகிவால் கலப்பு வைத்திருக்கிறேன், எனக்குப் பயமில்லை என்று யாராவது நினைத்தால், பாதிதான் சரி. அனபிளாஸ்மா ஊசியிலும் பரவும், கொம்பு வெட்டும் கத்தியிலும் பரவும், கடிக்கிற ஈயிலும் பரவும். ஒரு லயத்தில் ஐந்து மாட்டுக்கு ஒரே ஊசியைக் குத்துகிற பழக்கம் இருந்தால், அதை இன்றோடு விடவேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் மலைக்கு வருவோம். வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இங்கே அயர்ஷயர், பிரீசியன், ஜேர்சி என்று ஐரோப்பிய இனங்கள்தான் வளர்ந்தன. அம்பேவல, போபத்தலாவ, டயகமப் பண்ணைகள் அந்த இனங்களுக்காகவே இந்த உயரத்தில் அமைந்தவை. அங்கிருந்தும், செயற்கைமுறைச் சினைப்படுத்தல் வழியாகவும், அந்த இரத்தம் தோட்ட மக்களின் பட்டிகளுக்கு இறங்கியது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் மலைநாட்டுக்கு ஐரோப்பிய இனங்களையும், உலர் வலயத்துக்குச் சாகிவால் போன்ற திமில் இரத்தம் கலந்தவற்றையும் பரிந்துரைப்பது நல்ல காரணத்தோடுதான். குளிரில் பிரீசியன் நன்றாகத் தின்று நன்றாகக் கறக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை காலமும் அந்த மாடுகளைக் காத்தது அவற்றின் இரத்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காத்தது இந்த உயரம். உயரம் தருகிற காவலை மாடு தன்னோடு லொறியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. மலை சூடாகச் சூடாக, அந்தக் காவல் நம் பட்டியை விட்டும் மேலே ஏறிப் போகும்.

குளிர் முழுக் காவல்கூட அல்ல என்பதற்கு நியூசிலாந்தைப் பாருங்கள். நம்மைவிடக் குளிர்ந்த நாடு, நம் பிரீசியனுக்கும் ஜேர்சிக்கும் உறவான மாடுகள். அங்கே 2012இலிருந்து தைலேரியா ஓரியண்டாலிஸின் இக்கேதா என்ற வகை கன்று ஈனும் பசுக்களையும் சின்னக் கன்றுகளையும் இரத்தச்சோகையில் தள்ளியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தென்கிழக்கு அவுஸ்திரேலியாவில் தொடங்கியிருந்தது. அதைச் சுமப்பது வேறு உண்ணி, குளிரைத் தாங்கும் உண்ணி. பபேசியா கன்றுகளை விட்டுவைப்பதுபோல அது விட்டுவைப்பதும் இல்லை. முன்பு சொன்ன 2012 ஆய்வில் நம் நாட்டில் மிகப் பரவலாகக் கண்டதும் தைலேரியா ஓரியண்டாலிஸ்தான். அதில் பல வகைகள் உண்டு, எல்லாம் கொல்வதில்லை. ஆனால் கன்று ஈன்ற பசு காரணம் தெரியாமல் வெளுத்துப் போனால், சத்துக்குறைவு என்று தீவனத்தை மட்டும் கூட்டிக்கொண்டிருக்காதீர்கள். இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2010களில் அவுஸ்திரேலியாவிலிருந்து சினைக் கிடாரிகள் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்து இறங்கியதை நீங்கள் அறிவீர்கள். பல மாடுகள் செத்தன, பல விவசாயிகள் கடனாளியானார்கள். அதற்குக் காரணங்கள் பல: தீவனம், வெப்பம், கவனிப்பு, வேறு தொற்றுகள். உண்ணியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. ஆனால் ஒரு மாட்டை வேறு மண்ணுக்குக் கொண்டுவரும்போது, அதன் பால் கணக்கைக் கேட்ட அளவுக்கு, அது எந்த உண்ணியோடு வளர்ந்தது என்று கேட்டிருக்கவேண்டும். பத்து லட்சம் மாடு உள்ள நாடு அந்த அடியைத் தாங்கிவிடும். ஒற்றை மாடு உள்ள வீடு தாங்காது. உங்களில் பலருக்கு அந்த ஒரு மாடுதான் வங்கிப் புத்தகம், பிள்ளையின் ரியூசன் பணம், கலியாணச் செலவு. அதனால்தான் இந்தப் பேச்சை ஆய்வரங்கத்தில் பேசுவதைவிட இங்கே பேசவேண்டும் என்று விரும்பினேன்.

என்ன செய்யலாம்? எல்லோரும் சாகிவாலுக்கு மாறுங்கள் என்று சொல்லமாட்டேன். இந்தக் குளிரில் அது பாலில் உங்களுக்கு நட்டம். ஆனால் பாலையும் தாங்கும் குணத்தையும் சேர்க்க உலகம் பல வழி கண்டிருக்கிறது. ஜமேக்காவில் ஜேர்சியோடு சாகிவால் சேர்த்து உருவாக்கிய ஜமேக்கா ஹோப், அவுஸ்திரேலியாவில் ஜேர்சியோடு சாகிவாலும் சிந்தியும் சேர்த்த மில்க்கிங் சீபு, பிரேசிலில் ஹோல்ஸ்டீனோடு கிர் சேர்த்த கிரோலாண்டோ. இந்தியாவில் கலப்பினம் பெருகியபோது, நாட்டு மாட்டில் அமைதியாக இருந்த தைலேரியா கலப்பு மாட்டில் பெருநோயாக வெளிப்பட்டது. அங்கே வெள்ளை அணுவில் வளர்த்து வீரியம் குறைத்த கிருமியிலிருந்து ரக்ஷாவாக்-டி என்ற தடுப்பு மருந்தே செய்தார்கள். கலப்பு என்றால் இரண்டின் நல்ல குணமும் தானாக வந்துவிடும் என்று நம்பக்கூடாது என்பதற்கு அது சாட்சி. இந்த உயரத்திலிருந்து கீழே இறங்கி, கண்டி மாவட்டத்து எல்லையில் மாடு வளர்க்கிற உறவினர் உங்களுக்கு இருந்தால், அவர்களுக்கு முழு பிரீசியனைவிட, திமில் இரத்தம் கொஞ்சம் கலந்த மாடு நிம்மதி தரும்.

ஐரோப்பிய இனத்துக்குள்ளும் எல்லா மாடும் ஒன்றல்ல. எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற விஷயம் இதுதான். குயின்ஸ்லாந்தில் ஹெரபோர்டும் ஷோர்ட்ஹோர்னும் கலந்த, திமில் இரத்தம் துளியும் இல்லாத ஒரு மந்தையில், உண்ணி குறைவாகப் பிடித்த மாடுகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, உண்ணியை நன்றாக எதிர்க்கும் அடாப்டோர் என்ற இனத்தை எடுத்தார்கள். தாங்கும் குணம் தாயிலிருந்து கன்றுக்கு இறங்குகிறது. கென்யாவில் போரான் இன மாடுகளிலும், தைலேரியாவைத் தாங்கும் ஒரு குடும்பத்தைப் பிரித்தறிந்து, அதற்குத் தொடர்புள்ள மரபணு இடத்தை 2022இல் வெளியிட்டார்கள். ஒரு பட்டியில் நான்கு பிரீசியன் நின்றால் உண்ணி எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருக்காது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அந்த அறிவு இதுவரை எழுதப்படவில்லை.

எண்ணுங்கள். இதற்கு இயந்திரம் வேண்டாம். அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் செய்வதும் இதைத்தான்: மாட்டின் ஒரு பக்கத்தில் மட்டும், ஊதத் தொடங்கிய பெண் உண்ணிகளை, ஏறக்குறைய அரை சென்ரிமீற்றரைத் தொட்டவற்றை எண்ணுவார்கள். சின்னதை விட்டுவிடுங்கள். வெயில் மாதங்களில் எண்ணி, மாட்டின் பெயரோடு, திகதியோடு, பிள்ளைகளின் பள்ளிக் கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு எழுதினால் உங்கள் பட்டியில் எந்தத் தாயின் கன்றை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று தெரிந்துவிடும். பால் கணக்கோடு இந்தக் கணக்கையும் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கொடுத்தால், சினை ஊசிக்குக் காளையைத் தெரிவு செய்கிறவர்கள் இதையும் கேட்கவேண்டிய நிலை வரும். கேட்கும்படி நாம் செய்யவேண்டும்.

மண்ணெண்ணெய் பூசுகிற பழக்கத்தை விடுங்கள். தோல் வெந்துபோகும், உண்ணியும் முழுதாகச் சாகாது. மருந்து தெளிப்பதானால் டொக்டர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் தெளியுங்கள். அரைகுறை அளவில் அடிக்கடி தெளித்தால், தப்பிய உண்ணியின் வம்சம் அந்த மருந்துக்கே பழகிவிடும். கட்டிப்போட்ட மாட்டிலிருந்து உண்ணி விழுவது பட்டியின் தரையிலும் சுவர் வெடிப்பிலும். அங்கேதான் முட்டை. சுத்தம் செய்து, வெடிப்பை அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். தாழ்ந்த நிலத்திலிருந்து புல் வெட்டி வருகிறவர்கள், கட்டோடு குஞ்சு உண்ணியும் வரும் என்பதை மறக்காதீர்கள்.

கீழிருந்து மாடு வாங்கினால், நம் மாட்டோடு சேர்க்குமுன் மூன்று வாரமாவது தள்ளிக் கட்டுங்கள். அது ஒரு உண்ணி மாட்டின் மேல் தங்கியிருக்கும் காலம். முதல் நாளே உண்ணி மருந்து, முதல் வாரத்தில் இரத்தப் பூச்சுச் சோதனை. கீழே மாடு விற்றால் வாங்குகிறவரிடம் நேர்மையாகச் சொல்லுங்கள்: இது குளிரில் வளர்ந்தது, உண்ணி கண்டதில்லை, போன முதல் மாதங்களில் தினமும் காய்ச்சல் பாருங்கள், காய்ச்சல் கண்ட அன்றே டொக்டரைக் கூப்பிடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். அடுத்த கிடாரிக்கும் அவர் உங்களிடமே வருவார்.

காய்ச்சல் கண்ட மாட்டுக்கு ஊசி போடுமுன் காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு எடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம். தட்டு முக்கியம், ஏனென்றால் மருந்து வேறு வேறு. பபேசியாவுக்கு டைமினசீன் அல்லது இமிடோகார்ப், அனபிளாஸ்மாவுக்கு ஒக்சிடெட்ராசைக்கிளின், தைலேரியாவுக்கு புப்பார்வகுவோன். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் பணமும் போகும், நாளும் போகும், பல சமயம் மாடும் போகும். ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் சேகரிப்புக்குக் கொடுக்கக்கூடாது என்று கேட்டு, அதன்படி நடங்கள். தட்டை இழுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். உங்கள் டொக்டருக்கு நேரமில்லாத நாளில் உதவியாளரே எடுத்துவைக்கலாம்; தட்டைக் காயவைத்து, கடுதாசியில் சுற்றி, மாட்டின் பெயரும் வயதும், எந்தத் தோட்டம், எந்த ஊரில் பிறந்தது என்பதும் எழுதிக் கொடுத்தால் போதும். எந்த ஊரில் பிறந்தது என்பதை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.